காத்திருக்கும் கணினி

நுழையும்முன்

ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்திற்கு மீண்டும் ஈயம் பூசுவதும், அறுந்த கட்டில் கயிற்றை மாற்றிப் பின்னுவதும், மழுங்கிய அரிவாளைக் கொல்லரிடம் கொடுத்துத் தீட்டுவதும் தமிழர் இல்லங்களில் இருந்துவந்த வழக்கங்கள். பழுதான பகுதி எது என்று அறிந்து, அதை மட்டும் சீர்செய்வதே இவற்றின் பொதுப் பண்பு. மெதுவாக இயங்கும் கணினிக்கும் இவ்வழக்கம் பொருந்தும். கணினியைத் தாமதப்படுத்தும் உறுப்பைக் கண்டறிவது எப்படி, குறைந்த செலவில் அதை மாற்றுவது எப்படி, மாற்றும்போது எதை இழந்துவிடக் கூடாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தாமதம் எங்கே?

பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்கிறது. ஆனால் திரையில் தோன்றிய வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. முகப்புத் திரை வந்த பிறகும் ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் ஆகிறது. இணையவழி வகுப்பு தொடங்கிவிடுகிறது. கணினியோ இன்னும் ஆயத்தமாகவில்லை. "இது பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்னும் முடிவுக்கே பெரும்பாலான வீடுகள் வருகின்றன. பல நேரங்களில் அது தேவையற்ற பெருஞ்செலவு.

கணினி வேலை செய்யும் முறையைச் சமையலறையோடு ஒப்பிடலாம். செயலி என்பது சமைப்பவர். நினைவகம் என்பது அவர் கைக்கு எட்டும் அடுப்பு மேடை. சேமிப்பகம் என்பது பொருள்கள் அனைத்தும் வைக்கப்பட்டுள்ள சரக்கறை. சமைப்பவர் எவ்வளவு விரைவானவராக இருந்தாலும், சரக்கறையிலிருந்து உப்பும் புளியும் வந்து சேரும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் நிகழ்வது இதுவே. செயலி சோர்வடையவில்லை; சரக்கறையின் வாயிலில் காத்திருக்கிறது.

இதை ஊகத்தால் முடிவுசெய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பக்கம் திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதை அது காட்டும். கணினி திணறும் வேளையில் செயலி 15 விழுக்காட்டிலும் வட்டு 100 விழுக்காட்டிலும் இருந்தால், தாமதம் சேமிப்பகத்தில்தான் உள்ளது. மாறாக, நினைவகம் நிரம்பி வழிந்தால் நினைவகத்தைக் கூட்ட வேண்டும். செயலியே எப்போதும் 100 விழுக்காட்டில் இருந்தால், சேமிப்பகத்தை மாற்றுவதால் பெரும்பயன் விளையாது. நோய் எது என்று அறியாமல் மருந்து வாங்குவது அறிவுடைமை ஆகாது.

சுழலும் தட்டு

பழைய கணினிகளில் உள்ள சேமிப்பகம் வன்தட்டு எனப்படும். 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியில்தான் இது முதன்முதலில் இடம்பெற்றது. அந்த வன்தட்டில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே சேமித்தன. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒற்றை நிழற்படத்திற்கு அவ்விடம் போதாமல் போகக்கூடும்.

அளவு சுருங்கினாலும் அமைப்பு மாறவில்லை. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு ஒன்று சுழல்கிறது. அதன்மீது ஒரு கை முன்னும் பின்னும் நகர்ந்து, அதன் நுனியிலுள்ள முனையால் தரவுகளைப் படிக்கிறது, எழுதுகிறது. மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 சுற்றுகள். ஒரு தரவைப் படிக்க வேண்டுமானால், கை உரிய தடத்திற்கு நகர வேண்டும். பிறகு உரிய இடம் சுழன்று முனையின் கீழ் வர வேண்டும். இவ்விரண்டிற்கும் சேர்த்து ஏறத்தாழ 15 மில்லிநொடி ஆகும்.

ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மில்லிநொடி. எனவே 15 மில்லிநொடி மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கணினி தொடங்கும்போது தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது. ஆயிரம் துண்டுகளுக்கு 15 நொடி. நான்காயிரம் துண்டுகளுக்கு ஒரு நிமிடம். வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

மின்னூட்டம் காக்கும் சிற்றறை

வன்தட்டிற்கு மாற்றாக வந்ததே திண்மநிலைச் சேமிப்பகம். கடைத்தெருவிலும் வீட்டிலும் இதன் பெயர் எஸ்.எஸ்.டி. என்பதே. இதில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் கையும் இல்லை. சிலிக்கான் சில்லில் அமைந்த கோடிக்கணக்கான சிற்றறைகளே உள்ளன. ஒவ்வொரு சிற்றறையும் சிறிதளவு மின்னூட்டத்தைத் தன்னுள் அடைத்துவைக்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் அம்மின்னூட்டம் கசியாமல் நிற்கிறது.

இவ்வகை நினைவகத்தை உருவாக்கியவர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. எஸ்.எஸ்.டி.களில் இன்று பயன்படும் 'நேண்ட்' வகையை அவரும் அவர் குழுவினரும் 1987 ஆம் ஆண்டு வெளியிட்டனர். தரவுகள் ஒரே வீச்சில் அழிக்கப்படுவது நிழற்படக் கருவியின் மின்னல் ஒளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றியவர் ஒருவர் இதற்கு 'ஃப்ளாஷ்' எனப் பெயர் சூட்டினார்.

சிற்றறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மின்குறிப்பு நேரே அதை அடைகிறது. எனவே ஒரு துண்டைப் படிக்க ஏறத்தாழ 0.1 மில்லிநொடியே ஆகிறது. வன்தட்டு 15 நொடியில் படித்த ஆயிரம் துண்டுகளை இது நொடியின் பத்தில் ஒரு பங்கில் படித்துவிடும். சரக்கறை அடுப்படிக்கு அருகிலேயே வந்துவிட்டது போன்ற மாற்றம் இது.

பொருந்துவது எது?

எஸ்.எஸ்.டி. வாங்கச் செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று; தம் கணினியில் உள்ள பொருத்துமிடத்தை. பொருந்தாத பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீணே.

முதல் வகை, 2.5 அங்குல சாட்டா வகை. இது மடிக்கணினி வன்தட்டின் வடிவிலேயே இருக்கும். பழைய வன்தட்டைக் கழற்றிய இடத்தில் இதை அப்படியே செருகலாம். இதன் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய வன்தட்டு 9.5 மில்லிமீட்டராக இருந்தால், இடைவெளியை நிரப்ப ஒரு நெகிழிச் சட்டம் தேவைப்படலாம்.

இரண்டாம் வகை, எம்.2 வகை. இது சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய பலகை. இதன்மீது 2280 என்னும் எண்ணைக் காணலாம். அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்பதே அதன் பொருள். இவ்வகையில் ஒரு நுட்பம் உள்ளது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அவ்வடிவில் சாட்டா முறையில் பேசும் பலகைகளும் உண்டு, என்.வி.எம்.இ. முறையில் பேசும் பலகைகளும் உண்டு. சில கணினிகளின் எம்.2 இடம் ஒரு முறையை மட்டுமே ஏற்கும். சில இரண்டையும் ஏற்கும். கணினியின் கையேட்டைப் பார்த்தோ, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் கணினியின் மாதிரி எண்ணைத் தேடியோ இதை உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும்.

சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வேகத்தில் படிக்கும். என்.வி.எம்.இ. வகையில் 3,500 மெகாபைட்டை எட்டுபவையும், அதைத் தாண்டுபவையும் உண்டு. மடிக்கணினி வன்தட்டோ நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட்டையே தரும். இவ்வெண்களைக் கண்டு, சாட்டா வகை பயனற்றது என எண்ணிவிடக் கூடாது. கட்டுரை எழுதுதல், பாடக் காணொளி பார்த்தல் போன்ற அன்றாடப் பணிகளில் காத்திருப்பைக் குறைப்பதே முதன்மையானது. வன்தட்டிலிருந்து சாட்டாவுக்கு மாறுவோர் பெரும் வேறுபாட்டை உணர்வர், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுவோர் இப்பணிகளில் அவ்வளவு வேறுபாட்டை உணர்வதில்லை.

மலிவின் பொருள் அறிதல்

பொருத்துமிடம் தெரிந்த பிறகு நான்கு செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

முதலாவது, கொள்ளளவு. 240, 480 ஜிகாபைட், ஒரு டெராபைட் போன்ற அளவுகள் கடைகளில் கிடைக்கும். 240 ஜிகாபைட் என்று அச்சிட்டதைப் பொருத்தினால், விண்டோஸ் அதை 223 என்று காட்டும். இது ஏமாற்று அன்று. நிறுவனம் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 இன் மடங்குகளில் எண்ணுகிறது. விலையைக் கொள்ளளவால் வகுத்து, ஒரு ஜிகாபைட்டுக்கு எத்தனை ரூபாய் என்று கணக்கிட்டால் எது உண்மையில் மலிவு என்பது விளங்கும்.

இரண்டாவது, சிற்றறையின் வகை. ஒரு குடத்தில் நீர் உள்ளதா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது எளிது. அதே குடத்தில் எட்டு மட்டங்களைக் குறித்து, நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கூடுதல் கவனம் வேண்டும். டி.எல்.சி. வகைச் சிற்றறை எட்டு மட்டங்களைக் கொண்டு மூன்று பிட்டுகளைச் சேமிக்கிறது. கியூ.எல்.சி. வகை பதினாறு மட்டங்களைக் கொண்டு நான்கு பிட்டுகளைச் சேமிக்கிறது. ஒரே இடத்தில் கூடுதலாக அடைப்பதால் கியூ.எல்.சி. மலிவாகிறது, ஆனால் எழுதும் வேகமும் உழைக்கும் காலமும் குறைகின்றன. மிகப் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது, கியூ.எல்.சி. வகைகளுள் சில வன்தட்டின் வேகத்திற்கே இறங்குவதும் உண்டு. விலை வேறுபாடு சிறிதானால் டி.எல்.சி. வகையே ஏற்றது.

மூன்றாவது, உழைப்பின் அளவு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சிற்றறை சிறிது தேய்கிறது. ஆகவே மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை உறுதி உண்டு என்பதை நிறுவனங்கள் டி.பி.டபிள்யூ. என்னும் குறியீட்டால் தெரிவிக்கின்றன. 80 டெராபைட் என்பது 80,000 ஜிகாபைட். நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினால் அது 4,000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு தாங்கும். மாணவர் ஒருவரின் கணினி நாள்தோறும் அவ்வளவு எழுதுவது அரிது. தேய்ந்துவிடுமோ என்னும் அச்சம் வீட்டுப் பயன்பாட்டிற்குப் பெரும்பாலும் தேவையில்லை.

நான்காவது, உத்தரவாதமும் விற்பவரும். மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உத்தரவாதமும் முறையான பற்றுச்சீட்டும் உள்ள பொருளையே வாங்க வேண்டும். கேள்விப்படாத பெயரில், நம்ப இயலாத குறைந்த விலையில், இரண்டு டெராபைட் என்றெல்லாம் விற்கப்படும் பொருள்களில் போலிகள் உண்டு. உள்ளே சிறிய சில்லை வைத்து, பெரிய கொள்ளளவைக் காட்டுமாறு அவற்றை அமைத்திருப்பர். உண்மையான இடம் நிரம்பியதும், புதிய கோப்பு எழுதப்படுவதாகத் தோன்றும். ஆனால் திறந்து பார்த்தால் ஒன்றும் இராது. முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்களால் போலியைக் கண்டறியலாம்.

நகல் முதலில்

கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அதனுள் இருப்பவை அத்தகையன அல்ல. சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பத்தின் கணினியில் பாட்டியின் குரல்பதிவு இருக்கலாம். ஊர்த் திருவிழாவின் காணொளி இருக்கலாம். இன்று இல்லாதவர்களின் நிழற்படங்கள் இருக்கலாம். அவற்றை எக்கடையிலும் வாங்க இயலாது. எனவே திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய முதற்பணி, நகல் எடுத்தல்.

படங்கள், ஆவணங்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் புறநிலை வட்டு ஒன்றில் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்ததோடு நின்றுவிடக் கூடாது. அவ்வட்டை வேறொரு கணினியில் செருகி, சில படங்களையும் சில ஒலிப்பதிவுகளையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்ப முடியாது. பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்கும் கணினியானால், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து, இயங்குதளத்தை எவ்வாறு புதிய சேமிப்பகத்திற்குக் கொண்டுசெல்வது என்று முடிவுசெய்ய வேண்டும். பழைய வன்தட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே படியெடுப்பது ஒரு வழி. இதற்கென மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் சில, புதிய சேமிப்பகம் பழையதைவிடச் சிறியதாயின் இயங்க மறுக்கும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது மற்றொரு வழி. இதற்கு 8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் தேவை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வேண்டாத மென்பொருள்கள் நீங்கிவிடுவதால், பழைய கணினிக்கு இரண்டாம் வழியே பெரும்பாலும் நன்று.

பொருத்தும் முறை

பெரியவர் ஒருவர் உடனிருக்க, பின்வரும் வரிசையில் இப்பணியைச் செய்யலாம். கீழே கூறப்படுவது 2.5 அங்குல வகைக்கு உரியது.

1. கணினியை உறக்க நிலையில் விடாமல் முழுமையாக நிறுத்த வேண்டும். மின்வடத்தைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்ற வேண்டும். மின்கலம் உள்ளேயே அமைந்திருந்தால், மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை முதலில் நீக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2. மின்சாரம் நீங்கிய பின் தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே எஞ்சியுள்ள மின்னூட்டம் இதனால் வெளியேறும்.

3. மர மேசைமீது வைத்து வேலை செய்ய வேண்டும், கம்பளத்தின்மீது கூடாது. தில்லி போன்ற நகரங்களில் குளிர்காலக் காற்று வறண்டிருப்பதால் கம்பளி ஆடையில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். சில்லுகளைத் தொடும் முன், வண்ணம் பூசாத உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு அதை நீக்கிக்கொள்ள வேண்டும்.

4. கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் இட வேண்டும். நீளமான திருகு, குட்டையான திருகு ஆகியவை எங்கிருந்து வந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது உதவும்.

5. பழைய வன்தட்டை மேலே தூக்காமல், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் மெல்ல இழுக்க வேண்டும். அதைத் தாங்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற வேண்டும்.

6. புதியதை இணைப்பில் நேராக வைத்துத் தள்ள வேண்டும். சரியான நிலையில் வைத்தால் சிறு அழுத்தமே போதும். வலிந்து தள்ளினால் இணைப்பு ஒடியும்.

7. மூடியைப் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, பயாஸ் திரையில் எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை நிறுவலாம்.

எம்.2 பலகையாயின், அதைச் சாய்வாகச் செருகி, பிறகு தாழ்த்தி, ஒரே ஒரு சிறு திருகால் இறுக்க வேண்டும்.

முன்பிருந்த வன்தட்டோடு கூடுதலாக எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவோர், விண்டோஸில் அது தெரியவில்லை என்று கலங்குவதுண்டு. புதிய சேமிப்பகம் வெறும் மனை போன்றது; அதில் இன்னும் பகுப்பு எதுவும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியில் அதற்குப் பகுப்பு அமைத்தால் உடனே தெரியும். இதை அறியாமல், நல்ல பொருளைப் பழுதானது எனத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

மாற்றிய பின்

பழைய வன்தட்டை உடனே அழித்துவிடக் கூடாது. விடுபட்ட கோப்பு ஏதேனும் உள்ளதா என்று அறிய, ஒரு மாதமேனும் அதை அப்படியே வைத்திருப்பது நன்று. பிறகு யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டால் அது புறநிலை வட்டாகப் பயன்படும். பழுதான தட்டைக் குப்பையில் எறியக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்கு ஒரு குறையும் உண்டு. பழுதாகப்போகும் வன்தட்டு சில வேளைகளில் உரசல் ஒலியால் முன்னறிவிப்புத் தரும். எஸ்.எஸ்.டி. அவ்வாறன்று, ஒரு நாள் ஓசையின்றி நின்றுவிடலாம். அழிந்த தரவுகளை அதிலிருந்து மீட்பதும் கடினம். ஆகவே மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் நெறியை அறிஞர் வலியுறுத்துவர். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு அந்த வேறிடம் எளிதாகவே வாய்த்திருக்கிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, ஒரு வட்டைத் தாத்தா வீட்டுப் பேழையில் வைத்துவிட்டு வரலாம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கலாம்.

புதிய சேமிப்பகத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் கருதக் கூடாது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 ஐ ஏற்பதில்லை. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நிறுவலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்த ஏற்றது, இலவசமாகவும் கிடைக்கிறது.

கணினி எங்கே காத்திருக்கிறது என்று அறிந்தவர் தேவையானதை மட்டும் வாங்குவர். அதனுள் எது திரும்பக் கிடைக்காதது என்று அறிந்தவர் அதை முதலில் காப்பர்.

உங்களுக்குத் தெரியுமா?

கணினி உறுப்புகளுக்கெனத் தனிக் கடைத்தெருக்கள் இந்தியப் பெருநகரங்களில் உள்ளன. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை.

சொற்பொருள் அறிவோம்

சரக்கறை – பொருள்களைச் சேமித்துவைக்கும் அறை
ஊகம் – உய்த்துணர்தல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
தடம் – வழி, பாதை
திருப்புளி – திருகைக் கழற்றவும் இறுக்கவும் உதவும் கருவி
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்குத் தரும் சீட்டு
மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்
பேழை – பெட்டி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கணினியின் செயலி, ______________ வாயிலில் காத்திருப்பதாகப் பாடம் கூறுகிறது.
2. வன்தட்டு இடம்பெற்ற முதல் கணினியின் பெயர் ______________.
3. 2280 என்னும் எண்ணில் 22 என்பது ______________ குறிக்கும்.
4. பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல் ______________ இலக்கங்களைக் கொண்டது.

ஆ. சரியா, தவறா என எழுதுக.

1. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு உண்டு.
2. எம்.2 வடிவில் உள்ளவை அனைத்தும் என்.வி.எம்.இ. வகையே.
3. 240 ஜிகாபைட் சேமிப்பகத்தை விண்டோஸ் 223 எனக் காட்டுவது ஏமாற்று அன்று.
4. பழைய வன்தட்டை மாற்றிய அன்றே அழித்துவிட வேண்டும்.

இ. பொருத்துக.

1. செயலி – அ. சரக்கறை
2. நினைவகம் – ஆ. வெறும் மனை
3. சேமிப்பகம் – இ. சமைப்பவர்
4. பகுப்பு அமைக்காத எஸ்.எஸ்.டி. – ஈ. அடுப்பு மேடை

ஈ. பிரித்து எழுதுக.

1. சரக்கறை
2. சிற்றறை
3. மின்னூட்டம்
4. நினைவகம்
5. பெருஞ்செலவு

உ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கணினியின் தாமதத்திற்குச் சேமிப்பகமே காரணம் என்பதை எவ்வாறு அறியலாம்?
2. 'ஃப்ளாஷ்' என்னும் பெயர் எதனால் ஏற்பட்டது?
3. நகலெடுத்த வட்டை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது ஏன்?
4. போலிச் சேமிப்பகத்தின் இயல்பு யாது?

ஊ. கணக்கிடுக.

ஒரு சேமிப்பகத்தின் உழைப்பின் அளவு 160 டெராபைட். நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினால் அது எத்தனை நாள் தாங்கும்? விடையைத் தமிழில் எழுத்தால் எழுதுக.

எ. விரிவாக விடை எழுதுக.

1. எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நான்கு செய்திகளை விளக்குக.
2. "கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அதனுள் இருப்பவை அத்தகையன அல்ல." இக்கருத்தை உங்கள் வீட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

ஏ. செயல்பாடு

மாணவர்களே, உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்களுடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைத் தமிழில் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்க. அதை எழுத்தில் வடித்து வகுப்பில் படித்துக் காட்டுக. பிறகு அப்பதிவுக்கு மூன்று நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் எங்கே வைத்தீர்கள் என்பதைக் குறித்துவைக்க.